நடுவில் ஆக்சிலேட்டர்

விருத்தாசலம் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஒரு காலத்தில் நின்ற டாக்சி எல்லாமே பிரஸ்காட்தான். பிரஸ்காட் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார். மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை, ஹாரன் அடித்தால் கன்றைத் தேடும் மாடு மாதிரி கத்தும். மற்ற ஊர்க்காரர்கள் அதை வாங்கிக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு விற்றுவிடுவார்கள். விற்றதெல்லாம் சொல்லிவைத்தாற்போல் விருத்தாசலத்துக்கு வந்து சேரும். காரணம், ஊரைச் சுற்றிச் சூளை. ஊறுகாய் ஜாடி, பீங்கான் பொம்மை, கரண்டுக் கம்பத்தில் மாட்டும் வெள்ளைக் குமிழ் என்று எதைச் செய்தாலும் உடையும் சாமான். வைக்கோல் சுற்றிப் பிரஸ்காட்டின் பின்சீட்டில் வைத்தால் மெட்ராஸ் போய்ச் சேரும்வரை ஒரு விரிசல் விழாது. ஸ்பிரிங் அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். வண்டி ஓடினால்தானே உடைவதற்கு என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற எல்லாக் காரிலும் இடது பக்கம் கிளட்ச், நடுவில் பிரேக், வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர். பிரஸ்காட்டில் நடுவில் ஆக்சிலேட்டர், வலது ஓரத்தில் பிரேக். ஏன் அப்படி வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. கேட்கலாம் என்றால் கம்பெனி இல்லை. மெட்ராசுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போன ஒரு டிரைவர்தான் வெறுங்கையோடு திரும்பிவந்து, லண்டனில் பிரஸ்காட் கம்பெனியை மூடியே பல வருஷம் ஆகிவிட்டதாம் என்று சொன்னார். ஸ்டாண்டில் அன்றைக்கு யாரும் சவாரி போகவில்லை. போக முடியாமல் அன்றைக்கு மூன்று வண்டி ரிப்பேரில் கிடந்தது என்பதும் உண்மை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வண்டியாகப் பழைய இரும்புக்குப் போனது. ஒவ்வொருத்தராக அம்பாசிடருக்கு மாறினார்கள். எழுபதாம் வருஷம் ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிரஸ்காட். லட்சுமிநாராயணனின் ஜாடிக் கம்பெனி வண்டி. அதை ஓட்டியவன் தனக்கோடி.

தனக்கோடிக்கு நாற்பது வயசு தாண்டியிருந்தது. அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளும் அதே கம்பெனியில்தான் ஜாடிக்கு வைக்கோல் சுற்றினாள். கருவேப்பிலங்குறிச்சியில் அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. இருந்தது என்றால், முன்னால் இருந்தது. "எனக்கு ஸ்டியரிங் போதும்" என்று தன் பங்கை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தவன் அவன். அப்போதே அண்ணன் கேட்டார், "வண்டி நின்னுபோனா என்னாடா பண்ணுவ?" என்று. "நின்னா தள்ளுவேன்" என்றான் தனக்கோடி. அண்ணன் அந்தப் பதிலை இன்னும் மறக்காமல் வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் முதலாளி அவனைக் கூப்பிட்டார். லட்சுமிநாராயணன் நல்ல மனுஷர். கெட்ட செய்தியையும் சிரித்த முகமாகத்தான் சொல்வார்.

"தனக்கோடி, நம்ம அம்பாசிடர் வந்துடுச்சுய்யா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி புக் பண்ணது. நாளைக்கு மெட்ராஸ்லேருந்து ஆளு கொண்டாந்து வுட்டுட்டுப் போவான். பழச இரும்புக் கடக்காரன் எடுத்துக்கிறேன்னுட்டான்."

"இரும்புக் கடைக்குங்களா?"

"பின்ன மியூசியத்துக்கா? இத பாரு. புது வண்டி. ஒரு கீறல் வுழக்கூடாது. ஒண்ணு வுழுந்தாலும் நான் ஒண்ணியும் சொல்லமாட்டேன். நீ பாட்டுக்கு ஒங்க அண்ணங்கிட்ட போயிடலாம்."

தனக்கோடி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். தன் காலைக் குனிந்து பார்த்தான். வலது கால் சும்மா நின்றுகொண்டிருந்தது. பதினேழு வருஷமாக நடுவில் மிதித்தால் ஓடும், ஓரத்தில் மிதித்தால் நிற்கும் என்று அதற்குச் சொல்லி வைத்தாகிவிட்டது. இனிமேல் மாற்றிச் சொன்னால் கேட்குமா என்று தெரியவில்லை.

மறுநாள் பச்சை அம்பாசிடர் வந்தது. கொண்டுவந்தவன் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டான். முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். கம்பெனி முற்றத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனக்கோடி ஏறி உட்கார்ந்தான். மெதுவாக, வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டினான். "ஓரம் ஆக்சிலேட்டர். நடுவு பிரேக்கு. ஓரம் ஆக்சிலேட்டர். நடுவு பிரேக்கு." வண்டி அழகாகப் போனது. முற்றத்தின் கடைசியில் வைக்கோல் போர் வந்தது. வாய் "நடுவு பிரேக்கு" என்றது. கால் ஓரத்தில் மிதித்தது.

அம்பாசிடர் வைக்கோல் போருக்குள் பாதிவரை போய் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்த்தாள், கையில் ஒரு ஜாடி.

"வண்டிக்கும் வைக்கோலு சுத்தணுமா?" என்று கேட்டாள்.

"சத்தம் போடாதடி. கீறல் வுழுந்திருக்கா பாரு."

அவள் சுற்றிவந்து பார்த்தாள். முந்தானையால் துடைத்தும் பார்த்தாள். "வைக்கோலா இருந்ததால தப்பிச்ச. பக்கத்துலயே செவுரு கெடக்குது. ஒவ்வொரு தடவையும் ஒனக்கு முன்னாடி வைக்கோலு போட்டுக்கிட்டே ஓட முடியுமா என்னால? அந்த ஸ்டாண்டுல இருக்கிறவங்கள்லாம் எப்பிடி மாறுனாங்க? போயி கேளு."

இது அவனுக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் ஜங்ஷனுக்குப் போனான்.

ஸ்டாண்டுக்கு எதிரில் ஆராயி டீக்கடை. ராஜமாணிக்கமும் நல்லமுத்துவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் பிரஸ்காட் ஓட்டியவர்கள், இப்போது அம்பாசிடர். ராஜமாணிக்கம் எல்லாருக்கும் மூத்தவர், மீசையைக்கூடப் பிரஸ்காட்டின் முன் கிரில் மாதிரிதான் வெட்டியிருப்பார். தனக்கோடியின் வண்டி இரும்புக் கடைக்குப் போகிறது என்ற செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"வாப்பா. கடைசி வண்டியும் போச்சு," என்றார் ராஜமாணிக்கம். துக்க வீட்டுக்கு வந்தவனுக்கு இடம் கொடுப்பது மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார். "அத மாதிரி ஒரு வண்டி இனிமே பொறந்துதான் வரணும். எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சதே அதுதான், தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஆராயி டீ ஆற்றிக்கொண்டே.

"அவனுக்குச் சொல்றேன். சேத்தியாத்தோப்புல, வெள்ளாத்துப் பாலத்துகிட்ட, நடு மத்தியானம், வண்டி பொட்டுனு நின்னுபோச்சு. ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல. கிட்டத்துல ஒரு வூடு. போயி ஒரு கொடம் தண்ணி கேட்டேன். ஒரு பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு. ரேடியேட்டரு அத்தனையும் குடிச்சுது. இன்னொரு கொடம் கேட்டேன். அதையும் குடிச்சுது. எட்டாவது கொடத்துல அவங்க அப்பா வந்து, நீ எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு விசாரிச்சாரு. அம்பாசிடரா இருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இன்னிக்குப் பிரம்மச்சாரியா உக்காந்திருப்பேன்."

நல்லமுத்து விடவில்லை. "என்னுது மட்டும் என்னாவாம்? பெண்ணாடத்துக்குக் கல்யாண சவாரி. மாப்ள வூட்டுக்காரங்களுக்கும் பொண்ணு வூட்டுக்காரங்களுக்கும் ஒரே சண்ட, மூஞ்ச மூஞ்ச திருப்பிக்கிட்டு வராங்க. வழியில வண்டி நின்னுபோச்சு. எறங்கித் தள்ளுனாங்க பாரு, ரெண்டு வூட்டுக்காரங்களும் சேந்து! ஊரு போயி சேர்றதுக்குள்ள மாமன் மச்சானாயிட்டாங்க. அந்த வண்டிக்கு அவ்ளோ நல்ல மனசு."

"இஞ்சின் சூட்டுலயே முட்ட அவிச்சுத் தின்னுருக்கோம்," என்றார் ராஜமாணிக்கம்.

"ஒரு தடவ மழையில நின்னுபோயி, மூணு மணி நேரம் உள்ளயே தூங்குனேன். அப்பிடி ஒரு சீட்டு. எங்க வூட்டுலகூட அப்பிடித் தூக்கம் வந்ததில்ல," என்றார் நல்லமுத்து.

ஆராயி டம்ளர்களைப் பெஞ்சில் வைத்தாள். "நானும் எத்தினி வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். எல்லாமே நின்ன கதையாத்தான்யா இருக்குது. ஓடுன கத ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்."

இரண்டு பேரும் யோசித்தார்கள். ரொம்ப நேரம் யோசித்தார்கள். சேலம் பாசஞ்சர் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் புறப்பட்டுப் போனது.

"ஓடுறதுல என்னா கத இருக்குது?" என்றார் கடைசியில் ராஜமாணிக்கம். "ஓடுச்சுன்னா ஓடிட்டே போயிடும்."

தனக்கோடி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்குக் காலு எப்பிடிண்ணே மாறுச்சு? எனக்கு இன்னிக்கு வைக்கோலுக்குள்ள போயிடுச்சு. இன்னொரு தடவ போனா வேல போயிடும்."

ராஜமாணிக்கமும் நல்லமுத்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலு எங்கயாவது மாறுமாப்பா?" என்றார் ராஜமாணிக்கம். எழுந்து போய்த் தன் அம்பாசிடரின் கதவைத் திறந்து காட்டினார். "பாத்துக்க."

தனக்கோடி குனிந்து பார்த்தான். நடுவில் ஆக்சிலேட்டர். வலது ஓரத்தில் பிரேக். இரண்டு பெடலின் தண்டிலும் வெல்டிங் வைத்த தழும்பு இருந்தது.

"நல்லமுத்து அண்ணன் வண்டி?"

"அதுவும் அப்பிடித்தான். இந்த ஸ்டாண்டுல நிக்கிற எல்லா வண்டியும் அப்பிடித்தான். பூவராகன் பட்டறையில வெட்டி, எடம் மாத்தி ஒட்டிக் குடுத்துடுவான். வெளியில அம்பாசிடரு, உள்ள பிரஸ்காட்டு. வெளியூரு டிரைவரு எவனாவது எடுத்துப் பாக்கட்டும், சந்து முனை தாண்டமாட்டான். அதனால எங்க வண்டி களவும் போறதில்ல."

"இது தப்பில்லையாண்ணே? மொதலாளி வண்டி."

"தப்புதான்," என்றார் ராஜமாணிக்கம் யோசிக்காமல். "செவுத்துல மோதுறது ரைட்டா?"

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. முதலாளியும் அவர் மனைவி ஆனந்தவல்லியும் பழமலைநாதர் கோயிலுக்கு நடந்தே போயிருந்தார்கள். வண்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு, முழுக்க முதல் கியரிலேயே தனக்கோடி பூவராகன் பட்டறைக்குப் போனான். பூவராகன் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, படுத்து, பார்த்துவிட்டு, "பழைய எடத்துக்கா?" என்றான். "ஆமாண்ணே." பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி, அவனுக்கு அது வழக்கமான வேலை. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. கழுவியும் கொடுத்தான், ஏனென்றால் கழுவத்தானே கொண்டுவந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சுகமாக நடந்தது. தனக்கோடி சிதம்பரம் போனான், கடலூர் போனான், பின்சீட்டில் ஜாடி, முன்சீட்டில் முதலாளி. ஒரு கீறல் இல்லை. முதலாளி கீழே பார்க்கிற ஆளே இல்லை. வண்டியில் உட்கார்ந்தால் அவர் பார்ப்பதெல்லாம் வழியில் போகிறவர்கள் தன் வண்டியைப் பார்க்கிறார்களா என்றுதான். தனக்கோடிக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வந்தது. இரண்டு மாசம் வந்தது.

ஆனந்தவல்லிக்கு ஒரு தம்பி. சீதாராமன். சிதம்பரத்தில் வக்கீல். அவன் ஒரு பியட் வாங்கினான், வாங்கியதோடு நிற்காமல் தானே ஓட்டக் கற்றுக்கொண்டான். அதோடும் நிற்காமல் விருத்தாசலத்துக்கு அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, கம்பெனி முற்றத்தில் இறங்கி, "என்ன மாமா, இன்னுமா டிரைவர் வெச்சிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் முதலாளி தனக்கோடியைக் கூப்பிட்டார். சிரித்த முகம்.

"எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுய்யா. நாமளே ஓட்டிக்கிட்டா டிரைவரு எதுக்கு, சொல்லு?"

சொல்லிக் கொடுத்தால் வேலை போகும். சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்றால் இன்றைக்கே போகும். பெடல் விஷயத்தைச் சொன்னால் அதைவிட மோசமாகப் போகும்.

கம்பெனிக்குப் பின்னால் களிமண் காயப்போடும் மைதானம் இருந்தது. தினமும் காலையில் அங்கே பாடம். முதல் நாள் முதலாளி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே குனிந்து பார்த்தார். தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டான்.

"மூணு இருக்குதேய்யா. எது என்னா?"

"எடது கிளட்சுங்க. நடுவுல இருக்கிறது ஆக்சிலேட்டருங்க. வலது பக்கம் பிரேக்குங்க."

"சரி," என்றார் முதலாளி. அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவர் பார்த்த முதல் பெடல் அதுதான்.

தனக்கோடியின் ஒரே நம்பிக்கை, முதலாளிக்கு வண்டி ஓட்ட வராமல் போய்விடும் என்பது. ஆனால் லட்சுமிநாராயணனுக்கு அந்த வித்தை தண்ணீர்பட்ட பாடாக வந்தது. நான்காம் நாள் கியர் சத்தம் இல்லாமல் விழுந்தது. பத்தாம் நாள் களிமண் குவியல்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போனார். தனக்கோடி பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா ஓட்டுறீங்க மொதலாளி" என்று செத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதான் பாத்தேன். கஷ்டம் கஷ்டம்னு இத்தினி வருஷமா எங்கிட்ட என்னாத்துக்குய்யா சொல்லிட்டிருந்த?"

வீட்டில் கொளஞ்சியம்மாள் கேட்டாள், "நீ ஏன் ஒழுங்கா சொல்லிக் குடுக்கிற? தப்பு தப்பா சொல்லிக் குடுக்க வேண்டியதுதான?"

"தப்பாத்தான்டி சொல்லிக் குடுத்திருக்கேன். அதத்தான் ஒழுங்கா கத்துக்கிட்டாரு."

தை மாசம் சீதாராமன் பையனுக்குக் காதுகுத்து. சிதம்பரத்துக்கு முதலாளியே ஓட்டுவதாக முடிவாயிற்று. லைசென்ஸ் வந்த அன்றிலிருந்து அவர் காத்துக்கொண்டிருந்த சந்தர்ப்பம் அது. தனக்கோடியைச் சும்மா பக்கத்தில் உட்காரச் சொன்னார். பின்சீட்டில் ஆனந்தவல்லியும், சீர் வரிசையாக ஆறு பெரிய ஜாடிகளும். சேத்தியாத்தோப்பு பாலத்தில் முதலாளி ஒரு லாரியையே முந்தினார். "இனிமே ஒனக்கு ரெஸ்ட்டுதான்யா," என்றார் சந்தோஷமாக. "நீயும் எத்தினி நாளு கஷ்டப்படுவ. அறுவட முடிஞ்சதும் அண்ணங்கிட்ட போயிடு. நானே ஒரு வார்த்த சொல்றேன்." தனக்கோடி வெள்ளாற்றைப் பார்த்துக்கொண்டு வந்தான். அதில் தண்ணீர் அவ்வளவாக இல்லை.

சீதாராமன் வீடு மேட்டில் இருந்தது. வாசலிலிருந்து தெருவுக்குச் சிமெண்டுச் சரிவு. சரிவின் தலையில், தெருவைப் பார்த்து, அவனுடைய பியட் நின்றுகொண்டிருந்தது. அம்பாசிடர் தெருவோரம் நின்றது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஆனந்தவல்லியும் உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேரும் சரிவின் கீழே தெருவில் நின்று பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, பிரமாதமா ஓட்டுறீங்களாமே. அக்கா சொல்லுச்சு," என்றான் சீதாராமன். "நம்ம வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன். அம்பாசிடரு எரும மாதிரி. இது மான்குட்டி."

"குடு மச்சான் சாவிய," என்றார் லட்சுமிநாராயணன்.

தனக்கோடி தெருவோரத்தில் அம்பாசிடரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முதலாளி பியட்டில் ஏறி உட்காருவதையும், சீதாராமன் பக்கத்து சீட்டில் ஏறுவதையும், சரிவையும், சரிவுக்குக் கீழே பூக்காரியிடம் பேரம் பேசும் ஆனந்தவல்லியையும் ஒரே பார்வையில் பார்த்தான். வண்டி சரிவில் உருளும். முதலாளி பிரேக் என்று நினைத்து ஓரத்தில் மிதிப்பார். மான்குட்டி பாயும்.

அவன் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சும்மா நின்றால் போதும். முதலாளி இடித்துவிடுவார், இடித்தவர் மறுபடியும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார், வேலை அவனுக்கே நிற்கும். கருவேப்பிலங்குறிச்சியும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம். இதெல்லாம் ஒரு நொடியில் அவன் மனசில் ஓடியது. அந்த நொடி முடிவதற்குள் அவன் கால் ஓடத் தொடங்கியிருந்தது.

சரிவில் ஏறி பியட்டின் முன்னால் போய் இரண்டு கையையும் பானெட்டின் மேல் ஊன்றி நின்றான்.

"கால எடுங்க மொதலாளி! கை பிரேக்க எடுக்காதீங்க! வலது பக்கத்துல பிரேக்கு இல்ல, ஆக்சிலேட்டரு! நடுவுலதான் பிரேக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. லட்சுமிநாராயணன் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார், பாம்பைக் கண்டவர் மாதிரி. பிறகு மெதுவாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மச்சான்," என்றார் சீதாராமனிடம், வருத்தமாக, "ஒன் வண்டியில எவனோ பெடல மாத்தி வச்சிருக்கான்."

"என்ன மாமா சொல்றீங்க? எல்லா வண்டியிலயும் இப்படித்தான் இருக்கும்."

"எங்க ஊர்ல எல்லா வண்டியிலயும் நடுவுலதான் ஆக்சிலேட்டரு. தனக்கோடி, சொல்லுய்யா."

தனக்கோடி சொல்லவில்லை. பானெட்டிலிருந்து கையையும் எடுக்கவில்லை. சீதாராமன் வக்கீல். சாட்சி வாயைத் திறக்காவிட்டால் பொருளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இறங்கி நேராக அம்பாசிடரிடம் போனான், கதவைத் திறந்தான், குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். அவனுக்குப் பின்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து குனிந்து பார்த்தார்கள், காதுகுத்தின பிள்ளையை எட்டிப் பார்ப்பது மாதிரி.

"வெட்டி வெல்டு வெச்சிருக்கு மாமா! புது வண்டியில! யாரு செஞ்சது இத? ஒங்களுக்குத் தெரியாமயா?"

எல்லாரும் லட்சுமிநாராயணனைப் பார்த்தார்கள். அவர் தனக்கோடியைப் பார்த்தார். தனக்கோடி தரையைப் பார்த்தான். தன் முகத்தைப் பார்த்ததும் முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவனுக்கும் விளங்கிவிட்டது.

தெருவில் பூக்காரிகூடப் பூவை அளக்காமல் காத்திருந்தாள். தன் வண்டியில் இத்தனை நாள் என்ன இருந்தது என்பதே தனக்குத் தெரியாது என்று பெண்டாட்டி வீட்டு வாசலில் ஒரு மனுஷன் சொல்வதா? லட்சுமிநாராயணன் பியட்டிலிருந்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எனக்குத் தெரியாம எவன் கைய வப்பான்? நாந்தான் மாத்தச் சொன்னேன்."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா?" அவர் ஒரு வினாடி ஆகாயத்தைப் பார்த்தார். "ஜாடி ஏத்துற வண்டி மச்சான். நடுவுல மிதிச்சா ஒடம்பு பேலன்ஸா இருக்கும். வண்டி அலுங்காது. இங்கிலாந்துல ஒசந்த வண்டியெல்லாம் அப்பிடித்தான். நீ உள்ள போயி எண்ணிப் பாரு, ஆறு ஜாடியில ஒண்ணு விரிசல் வுட்டிருக்கான்னு."

சீதாராமன் நிஜமாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அவன் முகம் மாறியது. இங்கிலாந்து என்ற வார்த்தை அவனுக்குள் வேலை செய்வது வெளியிலேயே தெரிந்தது.

திரும்பும்போதும் முதலாளியே ஓட்டினார். ஆனந்தவல்லி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். சேத்தியாத்தோப்பு பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நிறுத்தியது பதமாக இருந்தது.

"எப்பய்யா மாத்துன?"

"வண்டி வந்த மொத ஞாயித்துக்கெழம, மொதலாளி. எனக்குக் காலு வரல. வைக்கோல்ல மோதிட்டேன். வேல போயிடும்னு பூவராகங்கிட்ட குடுத்தேன். ஸ்டாண்டுல எல்லாரும் அங்கதான் குடுத்தாங்க. ராஜமாணிக்கம் அண்ணன்லாம் பிரஸ்காட்டு ஓட்டுனவங்கதான..."

"நீ அங்க ஓடி வராம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காதுங்க."

"ஆனந்தவல்லி கீழ நின்னுட்டிருந்தா."

"ஆமாங்க."

முதலாளி ஸ்டியரிங்கைத் தடவினார். "பூவராகங்கிட்ட நாளைக்கே குடுத்துப் பழையபடி மாத்திடு."

"மாத்திடலாங்க," என்றான் தனக்கோடி. கொஞ்சம் தயங்கினான். "அப்பறம் நீங்க ஓட்ட முடியாதுங்களே மொதலாளி. ஒங்க காலும் இப்ப எங்க காலு மாதிரிதான்."

லட்சுமிநாராயணன் தன் வலது காலைப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். அது போய் நடுவில்தான் உட்கார்ந்தது.

"அப்ப எனக்கு ஒடம்பு சொகமில்லன்னா இந்த வண்டிய யாருய்யா ஓட்டுவா? வேற டிரைவரு வச்சா?"

"முட்டிடுவாங்க."

"ஒங்க அண்ணன் ஏர்ல பெடலு இருக்காய்யா?"

"இல்லீங்க."

"பின்ன அங்க போயி என்னா பண்ணப்போற? இங்கயே கெட," என்றார் முதலாளி. கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு இறங்கி, இந்தப் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தார். "எறங்கு. நீ ஓட்டு."

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஒரு பியட் வந்து நின்றது. உள்ளேயிருந்து வக்கீல் சீதாராமன் இறங்கினான். ஆராயி கடை பெஞ்சைப் பார்த்து, "இங்கே பெடலை இங்கிலீஷ் முறையில மாத்திக் குடுக்கிற பட்டறை எது?" என்று கேட்டான்.

ராஜமாணிக்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று வழி காட்டினார். நல்லமுத்து கூடவே போனார், பூவராகன் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

அன்று சாயங்காலம் முதலாளி தனக்கோடியைக் கூப்பிட்டார்.

"மச்சான் வண்டி ரெடியாயிடுச்சாம். ஆனா அவனுக்குக் காலு வரமாட்டேங்குதாம். பட்டறை வாசல்லயே கம்பத்துல முட்டிட்டான். நீ நாளைக்கு அவன் வண்டிய ஓட்டிக்கிட்டு சிதம்பரம் போ. கூடவே இருந்து கத்துக் குடுத்துட்டு வா."

"எத்தினி நாளுங்க மொதலாளி?"

"அவனுக்கு வர்ற வரைக்கும். வக்கீலு இல்லியா, சொன்னதக் கேக்கமாட்டான். நாளாவும்."

வீட்டுக்குப் போய்த் தனக்கோடி விஷயத்தைச் சொன்னான். கொளஞ்சியம்மாள் பெட்டியில் அவன் வேட்டி சட்டையை மடித்து வைத்தாள்.

"கத்துக்கிட்டாருன்னா அப்பறம் அவருக்கு வேற எந்த வண்டியும் ஓட்ட வராதுல்ல?" என்று கேட்டாள்.

"வராது."

"பாவம்," என்றாள் அவள். பெட்டியை மூடினாள். "காலையில மொத பஸ்ஸுக்கு முன்னாடியே கெளம்பிடு. வழியிலயே ஓட்டிப் பாக்குறேம்பாரு, அந்நேரத்துக்கு ரோட்டுல ஆளு இருக்காது."